போறணை இல்லாத வீட்டிலும் பழப் பை சுடலாம்

லயத்துக்குப் பின்னால் நிற்கும் பேர்ஸ் மரத்தடியில் காய் விழுந்து கிடக்கும். பிள்ளைகள் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று எறிந்துவிடுவார்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துப் பேர்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். பச்சையாகத் தின்ன ருசிப்படாது. ஆனால் சூட்டில் வெந்தால் மெதுவாகி, வாசமும் வந்துவிடும். அதை வீணாக்காமல் பிள்ளைகளுக்கு ஒரு தின்பண்டமாக்கும் வழியை இம்முறை பார்ப்போம்.

பை என்றதும் கடைக்குக் கொண்டுபோகும் பையை நினைக்க வேண்டாம். மாவைத் தட்டி, நடுவே பழம் வைத்துச் சுடும் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். வழக்கமான பைக்கு அதற்கென்று ஒரு தட்டு வேண்டும். நாம் சொல்வது ஓரத்தைக் கையால் மடித்துவிடும் பை. பிரான்சில் 'கலெட்' என்பார்கள். வட்டம் கோணலானாலும் குற்றமில்லை.

"ஓவன் இல்லாத வீட்டுல எப்படிங்க சுடுறது?" என்று கேட்பீர்கள். முன்பு அப்பம் சுட்டதை நினைத்துப் பாருங்கள். கீழேயும் நெருப்பு, மூடி மேலேயும் நெருப்பு. போறணையின் வேலையும் அதுதான்.

கோதுமை மா 200 கிராம், மாஜரின் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மாஜரின் குளிர்ந்து கட்டியாக இருக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி, மாவில் போட்டு விரல் நுனியால் உதிருங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். அந்தத் துண்டுகள் சூட்டில் உருக, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கும். பிசையும்போதே உருகிவிட்டால் பை கட்டையாகிவிடும். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. கொழும்பில் குளிர்ப்பெட்டி செய்யும் வேலையை, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் விடியற்காலைக் குளிரே செய்துவிடும்!

மூன்று நான்கு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீர் தெளித்து உருண்டையாகச் சேர்த்து, அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். ரொட்டி மா போல அடித்துப் பிசையாதீர்கள்.

மூன்று பேர்ஸைத் தோல் சீவி மெல்லிசாக வெட்டுங்கள். ரொம்பக் கல்லாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து, வடித்து, நன்றாக ஆறவிட வேண்டும். மூன்று மேசைக்கரண்டி சீனி, சாற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு மேசைக்கரண்டி மா, கொஞ்சம் கறுவாத்தூள், பாதித் தேசிக்காய்ப் புளி சேருங்கள். அன்னாசி, மாம்பழத்திலும் செய்யலாம். அன்னாசிச் சாற்றைப் பிழிந்துவிடுங்கள்.

மாவை ஒரு சாணும் நாலு விரலும் அகலத்துக்கு உருட்ட, கழுவித் துடைத்த போத்தல் போதும். மாஜரின் தடவிய தகரத் தட்டில் விரித்து, பழத்தை நடுவில் பரப்பி, ஓரத்தைச் சுற்றிவர மடியுங்கள். நடு திறந்தே இருக்கட்டும்.

கனமான இரும்புச் சட்டியில் இரண்டு கை காய்ந்த மணல் போட்டு, மூடி, 15 நிமிடம் சூடாக்குங்கள். தட்டை மணல் மேல் இறக்கி, ரொட்டிக்கல்லால் மூடி, அதன்மேல் சிரட்டைத் தணலோ கவ்வாத்து மிலாறு எரிந்த தணலோ பரப்புங்கள். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. முதல் தடவை நான் கீழே பெரிய நெருப்புப் போட்டு, அடி கரி, மேல் வெள்ளை. பிள்ளைகள் பழத்தை மட்டும் தோண்டித் தின்றார்கள். 25 நிமிடத்தில் ஒருதரம் பாருங்கள். 40 நிமிடத்தளவில் ஓரம் பொன்னிறமாகும்.

தாய்மாரே, இதைக் கட்டாயம் கவனியுங்கள். தணலிலிருந்து வரும் காபன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். கதவு, ஜன்னல் திறந்த குசினியில், அல்லது வெளியே கூரைச் சாய்ப்பில் சுடுங்கள். வேலை முடிந்ததும், "குளிருக்கு இருக்கட்டும்" என்று மிச்சத் தணலைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைச் சட்டிக்குக் கிட்ட விடாதீர்கள்.

சுட்ட கையோடு வெட்டினால் சாறு ஓடிவிடும். அரை மணித்தியாலம் ஆறட்டும். எட்டுத் துண்டு வரும். மிச்சம் இருந்தால் மூடி வைத்து, மறுநாள் காலைத் தேத்தண்ணியோடு முடித்துவிடுங்கள்.