ஆட்ட விதியும் ஆட்ட அறமும்: இளைஞர் கூடைப்பந்தாட்டம் பற்றிய ஓர் ஆய்வு

விளையாட்டு யாதாயினும் அதற்கு விதிகள் வேண்டும் என்பதை எவரும் மறுப்பாரல்லர். விதியில்லாத ஆட்டம் வெறும் ஆரவாரமாய் முடியும். எனினும், விதிகள் ஆடுவோரை நேர்மையுடையோராக ஆக்குமோ என்று வினவின் விடை அத்துணை எளிதன்று. 'பொய் சொல்லாதே' என்று சுவரில் எழுதிவைத்த வகுப்பறையில் மெய்யே பேசப்படும் என்று துணிதல் இயலாது. அவ்வாறே, 'நேர்மையாக ஆடுக' என ஒரு விதியை எழுதிச் சேர்த்தமையால் மட்டும் ஆட்டம் நேர்மையுற்றுவிடாது. அங்ஙனமாயின், நேர்மையை வளர்க்கும் விதி எத்தகையது? அதன் இயல்பு யாது? இவ்வினாக்களை ஆராய்வதற்குக் கூடைப்பந்தாட்டம் தக்கதொரு சான்றாகும். ஏனைய ஆட்டங்கள் பல நீண்ட காலம் மக்களால் ஆடப்பட்டுப் பின்னர் விதிகளைப் பெற்றன. இவ்வாட்டமோ ஒரு மனிதரால், ஒரு குறித்த தேவையை நிறைவு செய்தற்பொருட்டு, விதி வகுத்து ஆக்கப்பெற்றது.

1891ஆம் ஆண்டின் மாரிக் காலத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே, பதினெண்மர் கொண்ட ஒரு வகுப்பு இருந்தது. வெளியே பனி உறைந்து கிடந்தமையால் மைதானத்தில் ஆட இயலாது. உள்ளே செய்யும் உடற்பயிற்சிகளோ அவ்விளைஞர்களுக்குச் சலிப்பையே தந்தன. அவர்களுக்குப் புதியதோர் ஆட்டத்தை அமைத்துத் தருமாறு அக்கல்லூரியின் உடற்கல்வித் தலைவரான லூதர் குலிக் தம் உடனாசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரைப் பணித்தார். அதற்குப் பதினான்கு நாட்களே தவணையும் அளித்தார். நெய்ஸ்மித் கனடா நாட்டிற் பிறந்தவர். அப்போது முப்பது வயதினர். உதைபந்து முதலிய வெளிக்கள ஆட்டங்களை அவர் மண்டபத்துள்ளே ஆடுவித்துப் பார்த்தார். மரத்தளத்தின்மேல் மோதுதலும் வீழ்தலும் மிகுந்தனவேயன்றிப் பயன் விளையவில்லை.

பின்னர் அவர் இரண்டு பீச்சுப்பழக் கூடைகளை மண்டபத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அறைவித்துப் புதிய ஆட்டத்தைத் தொடக்கினார். அதன் முதல் முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதை 1939ஆம் ஆண்டில் வானொலியில் அவரே எடுத்துரைத்துள்ளார். ஆடத் தொடங்கியதும் இளைஞர்கள் ஒருவரையொருவர் பற்றி இழுக்கவும், உதைக்கவும், குத்தவும் தலைப்பட்டனர். அவர்களை விலக்கிவிடுவதற்குள் ஒருவர் மயங்கி வீழ்ந்தார். சிலருக்குக் கண்கள் வீங்கின. ஒருவருக்குத் தோள்மூட்டு விலகிற்று. போதிய விதிகளை அமைக்காமையே தாம் செய்த பிழை என்று நெய்ஸ்மித் கூறினார். அவ்விளைஞர் இயல்பிலே தீயவர் என்று அவர் கூறவில்லை என்பது இங்குக் குறிக்கொளற்பாலது.

அவர் வகுத்த விதிகள் பதின்மூன்று. அவை 1892ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆம் திகதி அக்கல்லூரியின் இதழில் அச்சேறின. அவற்றுள் தலையாயது, பந்தைக் கையிற் கொண்டு ஓடலாகாது என்பதாகும். பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே அதனை எறிதல் வேண்டும். இவ்விதியின் நுட்பம் யாதென நோக்குவோம். ஒருவன் பந்தோடு ஓடினால் அவனை நிறுத்துதற்கு எதிரணியினன் அவனைப் பற்றி வீழ்த்தவேண்டியவனாகிறான். ஓட்டம் தடுக்கப்பட்டவிடத்து அவனை வீழ்த்துதற்குக் காரணமே இல்லாதொழிகின்றது. முரட்டுத்தனத்தை நோக்கி 'நில்' என்று ஆணையிடுவதோடு அமையாது, அது பிறக்கும் ஊற்றையே அடைத்தார் நெய்ஸ்மித்.

இலக்கின் அமைப்பும் இத்தகையதே. நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் இலக்கை நோக்கிப் பந்தை எறிபவன் தன் வலிமை முழுவதையுங் கூட்டி வேகமாக எறிவான். இடையில் நிற்போர் காயமுறுவர். தலைக்கு மேலே, வாய் வானை நோக்கியிருக்கும் கூடையினுள் வீழ்த்துவதற்கோ பந்தை வளைவாகவும் மென்மையாகவும் எறிதல் வேண்டும். அங்கு வலிமை பயன்படாது, திறமையே பயன்படும். கூடை அறையப்பெற்ற மேல்மாடக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. வளர்ந்தோர் ஆட்டத்தில் அவ்வுயரமே இன்றளவும் நிலைபெற்றுள்ளது.

ஆயினும் நெய்ஸ்மித் தண்டத்தை முற்றாக ஒதுக்கிவிட்டாரல்லர். தோளால் இடித்தல், பற்றுதல், தள்ளுதல், காலை இடறுதல், அடித்தல் என்பனவற்றை ஐந்தாம் விதி விலக்கிற்று. முதன்முறை செய்யின் அது தவறாகக் கணிக்கப்படும். இரண்டாம் முறை செய்தவன் அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்றல் வேண்டும். காயப்படுத்தும் எண்ணம் வெளிப்படையாகத் தெரியின் ஆட்டம் முடியும்வரை அவனுக்கு இடமில்லை; அவனுக்குப் பதிலாக வேறொருவனும் இறங்கலாகாது. ஏழாம் விதியின்படி, எதிரணி இடையிலே ஒரு தவறும் செய்யாதிருக்க, ஓரணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்யின் எதிரணிக்கு ஒரு கூடை சேர்க்கப்படும். ஒருவனுடைய முரட்டுத்தனத்தின் விளைவை அணி முழுவதும் சுமக்க நேர்வதால், அவனைக் கட்டுப்படுத்துவது தோழர் அனைவரின் கடமையுமாகின்றது. மேலும், ஆடுவோரைக் கவனிப்பதற்கு ஒருவரும் பந்தையும் நேரத்தையும் கவனிப்பதற்கு மற்றொருவருமாக நடுவர் இருவரையும் அவர் நியமித்தார்.

இத்துணை நுட்பமாக வகுத்த விதிகளுக்கும் வழுவுண்டு. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவிலே போர்ட் வேன், மினியாபொலிஸ் என்னும் இரு நகர்களின் தொழில்முறை அணிகள் பொருதின. மினியாபொலிஸ் அணியில் ஜோர்ஜ் மைக்கன் என்னும் நெடிய ஆட்டக்காரர் இருந்தார். அவரோடு நேர்நின்று ஆட அஞ்சிய போர்ட் வேன் அணியினர் பந்தைத் தம்முள்ளேயே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காலத்தைப் போக்கினர். முடிவில் 19க்கு 18 என்ற கணக்கில் அவர்களே வென்றனர். அவர்கள் மீறிய விதி ஒன்றுமில்லை. ஆயினும் அங்கு ஆட்டம் நிகழவில்லை. காண வந்தோரும் ஏமாந்தனர். விதியின் எழுத்து காக்கப்பட்டது. அதன் கருத்தோ கைவிடப்பட்டது. இத்தகைய காலப்போக்கைத் தடுத்தற்பொருட்டு 1954ஆம் ஆண்டில், பந்தைப் பெற்ற அணி இருபத்துநான்கு வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிதல் வேண்டும் என்ற விதி அங்குப் புகுத்தப்பட்டது. இவ்விதியும் நெய்ஸ்மித்தின் வழியையே பின்பற்றியதாகும். பந்தை ஒளித்து வைத்திருப்பவனை அது வையவில்லை; ஒளித்து வைப்பதை வீண்செயலாக்கிற்று.

இனி, இளைஞர் போட்டிகளை நோக்குவோம். வளர்ந்தோர்க்கென வகுத்த விதிகளை அவ்வாறே சிறுவர்க்கும் விதித்தல் நேர்மையாகுமோ? பத்தடி உயரத்துக் கூடை எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏறக்குறைய எட்டாக்கனியே. அவன் உடல் முழுவதையும் முறுக்கிப் பந்தை வீசுவான். பிழையான பழக்கமே அவனிடம் வேரூன்றும். நெட்டையான ஒருவனிடமே பந்து எப்போதும் சென்று சேரும். மற்றையோர் அவனைச் சுற்றி ஓடுவோராக மட்டுமே அமைவர். இக்குறையை உணர்ந்து பென்சில்வேனியாவின் ஸ்கிறாண்டன் நகரில் 1950ஆம் ஆண்டு ஜே ஆர்ச்சர் என்பார் கூடையைத் தாழ்த்தியும் பந்தைச் சிறிதாக்கியும் சிறுவர்க்கெனத் தனி ஆட்டத்தை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்து பல நாடுகளிற் பரவிய 'மினி' கூடைப்பந்தாட்டத்தில் வளையத்தின் உயரம் 2.60 மீற்றர் ஆகும். 2016ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கமும் அந்நாட்டுக் கூடைப்பந்தாட்ட ஆட்சி மன்றமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஏழு எட்டு வயதினர்க்கு எட்டடியும், ஒன்பது முதற் பதினொரு வயது வரையுள்ளோர்க்கு ஒன்பதடியும் உயரமாகக் குறிக்கின்றன. கூடையின் உயரம் நேர்மையோடு தொடர்புடையதோ என்று சிலர் ஐயுறலாம். தொடர்புண்டு. அனைவர்க்கும் எட்டும் இலக்கு இல்லாதவிடத்துப் போட்டி என்னுஞ் சொல்லுக்கே பொருளில்லை.

இளைஞர் லீக் போட்டிகளில் மிகுதியும் வாதத்துக்குரியது ஆட்ட நேரம் பற்றிய விதியாகும். அணியில் உள்ள ஒவ்வொருவரும் குறித்த அளவு நேரமேனும் களத்தில் ஆடுதல் வேண்டும் என்று லீக்குகள் பல விதித்துள்ளன. மேற்கூறிய வழிகாட்டு நெறிகளும் மிகச் சிறியோர்க்குச் சமமான ஆட்ட நேரத்தையே பரிந்துரைக்கின்றன. 'முயன்று பயின்றவனுக்கும் சோம்பியிருந்தவனுக்கும் ஒரே பங்கா? இது திறமைக்குச் செய்யும் அநீதியன்றோ?' என்று இதனை எதிர்ப்போர் வினவுவர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. திறமைக்கு மதிப்பு வேண்டும். பயிற்சிக்கு வாராதவனைத் தடுத்து நிறுத்தவும் விதியில் இடமிருத்தல் வேண்டும். ஆனால் இளமையில் திறமை என்று நாம் காண்பது பெரும்பாலும் முந்தி வளர்ந்த உடம்பேயாகும். பன்னிரண்டு வயதிற் குட்டையாக இருப்பவன் பதினாறு வயதில் எவ்வாறிருப்பான் என்பதை யார் அறிவார்? பருவம் முழுவதும் வாங்கிலிலே இருந்து தோழர்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த சிறுவன் அடுத்த ஆண்டு வாரான். அவன் வாராமையை எந்த ஆட்டக் கணக்கும் காட்டாது.

இவ்விதியால் விளையும் பயன் மற்றொன்றும் உண்டு. வலிமை குன்றிய மாணாக்கன் எவ்வாறாயினும் களத்தில் இறங்கியே தீருவான் என்று பயிற்றுநர் அறிந்தவிடத்து, அவனையும் பயிற்றுவித்தல் அவருக்கு இன்றியமையாததாகின்றது. வகுப்பில் முதல் மூவரையே நோக்கிப் பாடஞ் சொல்லும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்போமா? 'எல்லாரிடத்தும் அன்பு செலுத்துக' என்று பயிற்றுநர்க்கு உபதேசிப்பதிலும், எல்லாரையும் பயிற்றினாலன்றி வெல்ல இயலாது என்னும் நிலையை உண்டாக்குவது பயனுடையது. இங்கும் நெய்ஸ்மித்தின் வழியே வெளிப்படுகின்றது.

தடுத்தாடும் முறை பற்றிய விதியும் இவ்வகையினதே. ஐவரும் கூடையின் கீழே கூடிநின்று இடத்தைக் காக்கும் முறையொன்று உண்டு. தொலைவிலிருந்து எறியும் ஆற்றல் சிறுவர்க்கின்மையால், இம்முறையைக் கையாளும் அணி அதிக முயற்சியின்றியே வென்றுவிடும். தடுத்தவரும் ஒன்றுங் கற்றிலர். எறிந்தவரும் ஒன்றுங் கற்றிலர். ஆதலின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் காக்கும் முறையையே கைக்கொள்ளுமாறு அவ்வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ஒருவன் மற்றொருவனுக்கு நேரே நிற்கும்போது தன் கடமை யாதென அவனுக்குத் தெளிவாகின்றது; தவறினால் அதனைப் பிறர்மேற் போடவும் இயலாது. இவ்வாறே, ஓரணி பெரும் புள்ளி வேறுபாட்டில் முந்திய பின்னர் மைதானம் முழுவதும் நெருக்கித் தடுத்தலைச் சில லீக்குகள் விலக்குகின்றன. தோற்றவனுக்கு இரங்குதல் மட்டுமே இதன் நோக்கமன்று. வென்றவனுக்கு அளவறியக் கற்பித்தலும் ஆகும்.

பெரியோர்க்கும் விதி வேண்டும் என்பதை மறத்தலாகாது. நடுவரை நோக்கிக் கூச்சலிடும் பயிற்றுநர்மீது தவறு சுமத்தி எதிரணிக்குத் தடையின்றி எறியும் வாய்ப்பை அளித்தல் இவ்வாட்டத்தில் நெடுநாளைய வழக்கம். சிறுவர் தம் நடத்தையைக் கற்பது விதிநூலிலிருந்தன்று. களத்தின் ஓரத்தில் நிற்கும் பெரியோரிடமிருந்தே. நடுவர் என்னுஞ் சொல் நடுவுநிலைமையை உள்ளடக்கியது. அவர் பிழை செய்யலாம். ஆயினும் அவரை இகழும் தந்தை, தம் மகனுக்கு நடுவுநிலைமையையே இகழக் கற்பிக்கின்றார்.

ஈண்டு விதியின் எல்லையையும் கூறுதல் வேண்டும். தண்டம் உண்டு என்பதனால் தவறு ஒழிந்துவிடுவதில்லை; சிலர் தண்டத்தை ஒரு விலையாகக் கருதி, இலாபம் கண்டவிடத்து அதனைச் செலுத்தவும் துணிவர். ஐந்து தவறு செய்தவன் வெளியேறல் வேண்டும் என்னும் உலகளாவிய விதியைக் கேட்டு, 'நான்கு வரை செய்யலாம்' என்று கணக்கிடும் இளைஞனும் உளன். அவனுடைய கணக்கைப் பொய்யாக்குதற்கே, பந்தை நாடாது ஆளை நாடிச் செய்யும் கடுந்தவறுக்கு எறியும் வாய்ப்போடு பந்தையும் எதிரணிக்கு அளிக்கும் விதி ஏற்பட்டது. ஆயினும் விதி எத்துணை நெருங்கப் பின்னிய வலையாயினும் அதில் துளைகள் இருக்கவே செய்யும்.

பந்து எல்லைக்கோட்டைக் கடந்து செல்கின்றது. இறுதியாக அது யார் விரலிற் பட்டது என்பதை நடுவர் கண்டிலர். பட்டவன் ஒருவனுக்கே அது தெரியும். அவன் கையை உயர்த்தித் தன்மேற் பட்டது என்பானாயின், அந்நேர்மை எந்த விதியாலும் பெறப்பட்டதன்று. ஆனால் அவன் அவ்வாறு செய்தற்குரிய மனநிலையை விதிகள் உண்டாக்கலாம்: தனக்கும் ஆட இடமுண்டு என்றும், தன் இலக்குத் தன் கைக்கு எட்டும் என்றும், எதிரே நிற்பவனும் தன்னைப்போல் ஆட வந்தவனே என்றும் பருவம் முழுவதும் அவன் கண்டுகொண்டிருப்பின். லீக் ஒன்றுக்கு விதி வகுக்க அமரும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் எந்தத் தவறுக்கு எத்தண்டம் என்று எண்ணுமுன், அத்தவறு ஏன் பிறக்கின்றது என்று எண்ணுவாராக. ஸ்பிறிங்பீல்ட் மண்டபத்தில் வீங்கிய கண்களைக் கண்ட நெய்ஸ்மித் செய்தது அதுவே.