பூங்கா விடுதியில் ஒரு வேளைச் சாப்பாடு: வணிகர் பார்க்க வேண்டிய கணக்கு

வணிகர்களாகிய நாம் வருடத்தில் கடையை மூடுகிற நாட்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. அப்படி ஓரிரு நாள் ஓய்வு கிடைத்தால், பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். குன்னத்தூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டருக்கோ, கோவை சிறுவாணி ரோட்டில் உள்ள கோவை கொண்டாட்டத்துக்கோ போய்விட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். சற்று வசதி உள்ளவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள வொண்டர்லாவுக்குப் போய் அங்கேயே ஒரு ராத்திரி தங்குகிறார்கள். கம்பெனிகள் டீலர்களுக்குப் பரிசாகத் தருகிற மலேசியா பயணத்தில் ஜென்டிங் மலையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது.

திரும்பி வந்த உறுப்பினர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், ராட்டினத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே சாப்பாட்டு விலையைப் பற்றித்தான் பேச்செடுக்கிறார்கள். "அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று நமக்குத் தெரியாதா? ஒரு தட்டு எலுமிச்சைச் சாதத்துக்கு இவ்வளவா?" என்று பொருமுகிறார்கள். அரிசி விலை நமக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தட்டில் இருப்பது அரிசி மட்டுமல்ல. பண்டம், இடம், வரி என்று மூன்றுக்கும் சேர்த்துத்தான் அங்கே நாம் பணம் கொடுக்கிறோம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எது நியாயமான விலை, எதைத் தட்டிக் கேட்கலாம் என்பது தெளிவாகும். அங்கே கடை எடுத்திருப்பவருக்குச் சரக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்பதும் விளங்கும்.

உணவுக்கூடம் எப்படி வந்தது?

ஒரே கூரையின் கீழ் பல சிறு கடைகள். எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக மேசை நாற்காலிகள். பரிமாறுகிறவர் கிடையாது, தட்டை நாமே எடுத்துச் செல்ல வேண்டும். இதைத்தான் ஃபுட் கோர்ட் என்கிறார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு வந்தவர்கள் ஒரு கடையில் பஜ்ஜி, இன்னொரு கடையில் டீ என்று வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதன் வளர்ந்த வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒழுங்குபடுத்தி உலகுக்குக் காட்டிய ஊர்களில் சிங்கப்பூர் முக்கியமானது. 1971 முதல் 1986 வரை அந்நாட்டு அரசு தெருவோர உணவு வியாபாரிகளைப் படிப்படியாகக் கட்டடங்களுக்குள் குடியேற்றி, தண்ணீரும் சாக்கடை வசதியும் செய்து கொடுத்தது. நம் தமிழர்கள் நடத்தும் தோசைக் கடைகளை லிட்டில் இந்தியா தேக்கா சென்டரில் இன்றும் பார்க்கலாம். 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பழக்கத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

பூங்கா விடுதிக்காரர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காவில் 1994இல் நடுத்தரக் குடும்பங்களுக்காக ஆல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்ற விடுதியைத் திறந்தார்கள். சுமார் 1,900 அறைகள். அத்தனை பேருக்கும் இலை போட்டுப் பரிமாறும் ஓட்டல் கட்டவில்லை. எண்ட் ஸோன் என்ற உணவுக்கூடம்தான். ஜென்டிங் மலையில் உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டலோ 7,351 அறைகள் கொண்டது. அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று 2015இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. பூங்காவை மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு திரும்புவார்கள். உட்கார வைத்துப் பரிமாறினால் கடைசிப் பந்திக்கு நடுராத்திரி ஆகிவிடும். எனவே தட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வியாபாரத்தில் வளர்ந்த வி-கார்டு நிறுவனத்தின் நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் பூங்கா தொடங்கினார். 2005இல் பிடதியில் வொண்டர்லா வந்தது. 2012இல் அங்கே 84 அறைகளோடு விடுதியும் கட்டினார்கள். 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரிலும் பூங்கா திறந்தாகிவிட்டது. நாம் கடையில் விற்கும் பிரியா ஊறுகாய்க் குழுமத்தை உருவாக்கிய ராமோஜி ராவ்தான், 1996இல் ஐதராபாத்துக்கு அருகில் பிலிம் சிட்டியைத் திறந்து, அதற்குள்ளேயே சிதாரா, தாரா என்று வெவ்வேறு தரத்தில் விடுதிகளும் கட்டினார். பூங்கா நுழைவுச் சீட்டில் மட்டும் இந்தத் தொழில் நிற்பதில்லை. வந்தவர் தங்கவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும் என்பதைப் பொருள் விற்றுப் பழகியவர்கள் புரிந்துகொண்டார்கள்.

தட்டின் விலைக்குள் என்ன இருக்கிறது?

உணவுக்கூடத்தில் கடை எடுப்பவர் நம்மைப் போல மாத வாடகை மட்டும் கொடுப்பதில்லை. குறைந்தபட்ச வாடகை ஒன்று. விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்பதே பெரும்பாலும் ஒப்பந்தம். பொது இடத்தைத் துடைப்பது, தட்டு கழுவுவது, குளிர்சாதனம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம்.

அடுத்தது நாள் கணக்கு. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்பதால், நம் மளிகைக் கடைகளில் சனி சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. ஆனால் செவ்வாய், புதன் கிழமைகளிலும் உப்பும் பருப்பும் விற்காமல் இருப்பதில்லை. பூங்காவில் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் போனால் ஈ ஓட்ட வேண்டியதுதான். மழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். ஆள் சம்பளமும் வாடகையும் மட்டும் ஏழு நாளும் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டம் வருகிற சில நாட்களின் தட்டில்தான் கூட்டம் வராத நாட்களின் செலவையும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக, நாம் அங்கே கட்டுண்ட வாடிக்கையாளர்கள். வெளி உணவைப் பல பூங்காக்களில் உள்ளே விடுவதில்லை. பக்கத்துத் தெருவில் விலை விசாரிக்க வழியில்லை. போட்டி இல்லாத இடத்தில் விலை ஏறும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சினிமாக் கொட்டகைகளைப் பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 3இல் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது; கூடவே, சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. இது கொட்டகைகளைப் பற்றிய தீர்ப்பு. இருந்தாலும் பூங்காவிலும் முதலில் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பாட்டில் செலவில் பாதி மிச்சம்.

தண்ணீர் பாட்டில் விவகாரம்

நம் உறுப்பினர்களுக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. நம் கடையில் குளிர்பெட்டியில் வைத்ததற்காக ஒரு ரூபாய் கூட்டி விற்றால், தொழிலாளர் துறை ஆய்வாளர் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன்படி வழக்குப் போடலாம். அதே பாட்டிலை விடுதியில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?

விடுதி, ஓட்டல் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டலுக்கு வருகிறவர் பாட்டில் வாங்குவதற்காக மட்டும் வருவதில்லை. உட்கார இடம், மேசை, கிளாஸ், சூழல் எல்லாம் சேர்ந்த சேவையைப் பெறுகிறார். ஆகவே அங்கே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றமாகாது என்பது அதன் சாரம். அதாவது, அங்கே விற்பது பாட்டில் அல்ல, இடம்.

இந்தத் தீர்ப்பை நம் கடைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. நாம் செய்வது வெறும் சில்லறை விற்பனை. அதே போல, பூங்கா ஓரத்தில் ஒரு பெட்டிக்கடையில் மூடிய பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டுக் கூடுதல் பணம் கேட்டால், அந்தக் கடைக்காரரும் ஓட்டல் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது என்பதே நம் கருத்து. ஒரே சரக்குக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிட்டு, பூங்காவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று அனுப்புவதையும் 2018 ஜனவரி 1 முதல் விதி தடுக்கிறது.

பில்லை எப்படிப் படிப்பது?

கல்லாவில் கொடுக்கும் சீட்டைக் கசக்கிப் போடாமல் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஜி.எஸ்.டி. சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம். ஆனால் ஒரு விடுதியில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையின் வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டியிருந்தால், அந்த விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த முறை நடப்பில் உள்ளது. கணக்குக்காக ஒரு தட்டு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூங்காவுக்குள் தனியாக இருக்கும் உணவுக்கூடத்தில் வரியோடு 210 ரூபாய். விலை உயர்ந்த விடுதிக்குள் அதே தட்டு 236 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு வேளையில் 130 ரூபாய் வித்தியாசம். இந்தப் பணம் கடைக்காரருக்குப் போவதில்லை, அரசுக்குப் போகிறது. நாம் அரை பர்லாங்கு நடந்து பூங்காப் பக்கம் போய்ச் சாப்பிட்டால் மிச்சம்.

5 சதவீதம் வாங்கும் கடைக்காரருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வாடகைக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அவர் கட்டும் வரியை நம்மைப் போலக் கழித்துக்கொள்ள முடியாது. உள்ளீட்டு வரி வரவு இல்லை. அதுவும் தட்டின் விலையிலேயே ஏறிவிடுகிறது.

இரண்டாவது, காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடை என்றால், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லில் வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று எழுதியிருக்கும். எழுதிவிட்டு வரியும் போட்டிருந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

மூன்றாவது, சேவைக் கட்டணம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டியது. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தட்டை நாமே சுமந்து வரும் இடத்தில் யாருக்குச் சேவைக் கட்டணம்? நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நான்காவது, 14 இலக்க உணவு உரிம எண். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் இது இருக்க வேண்டும். சாப்பாட்டில் கோளாறு என்றால் யார் மேல் புகார் செய்வது என்பதற்கு இதுவே அடையாளம். ஏனென்றால் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்று இருப்பது அங்கே சகஜம்.

இன்னொன்று: சில இடங்களில் பொதுக் கல்லாவில் முன்பணம் கட்டி அட்டை வாங்கச் சொல்வார்கள். மீதியை அன்றே திருப்பித் தருவார்களா, எத்தனை மணி வரை தருவார்கள் என்று அட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் சுத்த சைவம் என்றால், சைவக் கடைக்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் உண்டா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை.

சரக்குக் கொடுப்பவர் கவனத்துக்கு

மொத்த வியாபாரிகளுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் மிக முக்கியமான பகுதி இதுதான். பூங்காவில் கடை எடுத்தவர் வந்து, "வாரம் பத்து மூட்டை அரிசி, இருபது டின் எண்ணெய்" என்று ஆர்டர் சொன்னால் நமக்கு ஆசை வரும். ஆனால் பொதுக் கல்லா உள்ள இடத்தில், விற்ற பணம் முதலில் பூங்கா நிர்வாகத்தின் கைக்குப் போகிறது. அவர்கள் வாடகையையும் சதவீதத்தையும் கழித்துக்கொண்டு, மீதியை வாரம் கழித்தோ பதினைந்து நாள் கழித்தோதான் கடைக்காரருக்குக் கொடுப்பார்கள். நம் பாக்கி அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. சீசன் முடிந்து ஒப்பந்தமும் முடிந்துவிட்டால், கடைக்காரரைத் தேடிப் போக அங்கே கடையே இருக்காது.

சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2021 ஜூலையில் வணிகர்களையும் எம்.எஸ்.எம்.இ. பட்டியலில் சேர்த்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும் என்று எல்லை வகுத்துவிட்டார்கள். பொருள் உற்பத்தி செய்கிறவருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் நமக்குக் கிடையாது.

ஆகவே, கடை ஒப்பந்தம் யார் பெயரில், எந்த மாதம் வரை என்று பாருங்கள். அதே பெயருக்கும் அதே ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் பில் போடுங்கள். நிர்வாகம் பணம் தரும் தேதியைக் கேட்டு, நம் வசூல் தேதியை அதற்கு மறுநாள் வையுங்கள். ஒரு பட்டுவாடாவுக்கு மேல் பாக்கி ஏற விடாதீர்கள். ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் ரொக்கத்துக்கு மட்டுமே சரக்கு. இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கிறவர் நல்ல வாடிக்கையாளர். முகம் சுளிப்பவரின் ஆர்டர் போனால் போகட்டும்.

வருடத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு போய் அந்தத் தட்டைச் சாப்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை. இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு என்று தெரிந்து கொடுக்கிறபோது மனம் கசக்காது. பூங்காவுக்குள் வேறு கடை கிடையாது என்பதால் அவர்கள் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். குன்னத்தூர்க் கடைவீதியில் நம் வாடிக்கையாளருக்குப் பக்கத்திலேயே பத்துக் கடை உண்டு. அவர் நம்மைத் தேடி வருவது சரியான எடைக்கும், சொன்ன விலைக்கும், கணக்குச் சுத்தத்துக்கும்தான். அதை விடாமல் காத்துக்கொண்டால் போதும்.