குளிப்பாட்டிய கைகளும் பர்ளு கிஃபாயாவும்

எங்கள் ஊரில் ஒரு மாமி இருந்தா. எல்லாருக்கும் அவ மாமிதான். சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. நாற்பது வருடங்களுக்கு மேலாக ஊரில் மௌத்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அனுப்பியவ அவ. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் "ஆரு மௌத்து?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையைச் சொருகி எழும்பி வந்துவிடுவா. முதலில் எந்தப் பக்கத்தைக் கழுவுவது, கற்பூரம் எந்தத் தண்ணீரில் கலப்பது, பெண்ணுக்குரிய ஐந்து துணிகளையும் எந்த ஒழுங்கில் விரிப்பது, எல்லாம் அவவின் கைக்குத் தெரியும். படித்தது மூன்றாம் வகுப்பு.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பின் அந்த மாமி மௌத்தாகினா. வீடு நிறையப் பெண்கள். யாஸீன் ஓத ஆள் இருந்தது, அழ ஆள் இருந்தது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் ஆள் இருந்தது. "ஆர் குளிப்பாட்டுற?" என்ற கேள்வி வந்தபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எனக்குப் பயம்" என்றா ஒருத்தி. "எனக்கு முறை தெரியாது" என்றா இன்னொருத்தி. கடைசியில் அடுத்த ஊருக்கு ஓட்டோ அனுப்பி இரண்டு பேரைக் கூட்டி வர வேண்டியதாயிற்று. ஜும்ஆவுக்கு முன் அடக்கலாம் என்றிருந்த ஜனாஸா, அஸருக்குப் பிறகுதான் மையவாடிக்குப் போனது. ஊர்ப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டியவவைக் குளிப்பாட்ட ஊரில் ஒரு கை இல்லை.

இதை அந்தப் பெண்களைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நாற்பது வருடம் நாங்கள் எல்லாருமே ஒரு சொல்லைப் பிழையாக விளங்கி வைத்திருந்தோம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அந்தச் சொல் பர்ளு கிஃபாயா.

மத்ரஸாவில் சின்ன வயதில் நாம் மனனமிட்டது இதுதான்: பர்ளு ஐன் என்றால் ஒவ்வொருவர் மீதும் கடமை, பர்ளு கிஃபாயா என்றால் சிலர் செய்தால் மற்றவர்கள் மீதிருந்து நீங்கிவிடும். வரைவிலக்கணம் சரியானது. ஆனால் நம் மனம் அதன் பின்பாதியை மாத்திரமே பிடித்துக்கொண்டது. "யாரோ செய்வாங்கதானே" என்பதற்கு ஒரு அரபுப் பெயர் கிடைத்துவிட்டது போல நடந்துகொண்டோம். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி என்ற முன்பாதியை மறந்துபோனோம்.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இஹ்யாவின் முதற் பகுதியான அறிவு பற்றிய நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். பர்ளு கிஃபாயா என்றதும் நமக்கு ஜனாஸா மட்டுமே நினைவுக்கு வருகிறது. அவர் போட்ட பட்டியலில் வைத்தியம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது; விவசாயமும் நெசவும் தையலும் இருக்கின்றன. ஓர் ஊரில் இவற்றைச் செய்ய ஆளில்லையென்றால் அந்த ஊர் அழிவுக்குத் தன்னைத் தானே கொடுத்ததாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கடுத்து அவர் கோபப்படுகிறார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிமான ஒரு வைத்தியர் இல்லை. ஆனால் எல்லாரும் சட்ட விவாதத்துக்கே முண்டியடிக்கிறார்கள், ஏனென்றால் பதவியும் பேரும் அங்கேதான் கிடைக்கிறது என்கிறார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய இந்தக் கோபத்தை நம் ஊர்ப் பள்ளி நிர்வாகத் தெரிவு நடக்கும் நாளில் வாசித்துப் பார்த்தால் வேறு ருசி தெரியும்.

இமாம் ஷாதிபி (ஹி. 790) இன்னும் ஒரு படி மேலே போகிறார். பர்ளு கிஃபாயா உண்மையில் யாரை நோக்கிப் பேசுகிறது என்று அல்முவாஃபகாத்தில் ஆராய்கிறார். அது முதலில் ஆற்றல் உள்ளவனை நோக்கியே பேசுகிறது. ஆற்றல் இல்லாதவன் தப்பினானா என்றால், இல்லை. ஆற்றல் உள்ளவனை முன்னுக்குக் கொண்டு வந்து நிறுத்துவது அவன் மீது கடமை. பிள்ளைகள் வளரும்போதே யாருக்கு எதில் நாட்டம், யார் எதற்குத் தோது என்று பார்த்து அந்த வழியில் வளர்த்துவிடுவதையும் அவர் இதனோடு சேர்த்தே பேசுகிறார்.

இதன்படி பார்த்தால், ஒருவருக்கு அல்லாஹ் கொடுத்த திறமையே அவருடைய கடமையைக் காட்டித் தருகிறது. நீந்தத் தெரிந்தவன் ஒருவனே கரையில் நிற்கும்போது ஆற்றில் பிள்ளை விழுந்தால், அந்த நேரத்தில் அது கிஃபாயா இல்லை. அவனுக்கு அது பர்ளு ஐன். நீந்தத் தெரியாதவனுக்குக் கயிறு தேடி ஓடுவது கடமை. திறமை கூடக் கூடக் கேள்வி கணக்கும் கூடும். சிலரைச் சிலரை விட அந்தஸ்தில் உயர்த்தியிருப்பது, கொடுத்ததைக் கொண்டு சோதிப்பதற்காகவே என்று ஸூரத்துல் அன்ஆமின் கடைசி வசனம் கூறுகிறது. அதை நாம் பணக்காரருக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம். நல்ல கையெழுத்து உள்ளவனுக்கும், மூன்று பாஷை தெரிந்தவனுக்கும், இயந்திரத்தைத் தொட்டதும் கோளாறு விளங்குகிறவனுக்கும் அந்த வசனம் உரியதுதான்.

சிறந்த அமல் எது என்று அபூதர் (ரழி) கேட்ட ஒரு ஹதீஸ் புகாரியில் உண்டு. ஈமானும் ஜிஹாதும் சொல்லப்படுகின்றன. பிறகு அடிமையை விடுதலை செய்வது. அது இயலாவிட்டால்? கைத்தொழில் செய்பவருக்கு ஒத்தாசை செய், அல்லது தொழில் தெரியாமல் தடுமாறுபவருக்காக நீ செய்து கொடு என்று பதில் வருகிறது. கைவராதவனுக்குக் கைவந்தவன் செய்து கொடுப்பது, பெரும் அமல்களின் வரிசையில் வந்து நிற்கிறது. இந்த ஹதீஸைக் குத்பாவில் நான் அதிகம் கேட்டதில்லை.

நம் நாட்டு வரலாற்றில் இதற்கு உதாரணம் தேடினால் எனக்கு முதலில் வருவது ஏ.எம்.ஏ. அஸீஸ்தான். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது முஸ்லிம். அன்று அதற்கு மேலான உத்தியோகம் என்று ஒரு தாய் தகப்பன் கனவு காண ஒன்றும் இல்லை. 1942இல் யுத்தம், பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோனது. உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காக அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியது நெல்லுக்கு. அவர் கண்டது நெல்லை மட்டுமல்ல; மூளை இருந்தும் காசில்லாமல் படிப்பு நின்றுபோன பிள்ளைகளையும் கண்டார்.

இரக்கப்பட்டுக் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் நன்மைதான். அவரிடம் இருந்த திறமை வேறு: நிருவாகம். ஒரு காரியத்தைத் தன் கையை விட்டாலும் ஓடக்கூடிய அமைப்பாக ஆக்கும் ஆற்றல். அதையே அவர் கொடுத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. 1948இல், நாடு சுதந்திரமடைந்த அதே வருடம், சிவில் சேவையை விட்டிறங்கி கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். சுதந்திர நாட்டில் சிவில் சேவை உத்தியோகத்தரின் மதிப்பு இன்னும் உயரப்போகிற நேரத்தில் நாற்காலியை விட்டு எழும்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1961 வரை அங்கே இருந்தார். 1952இல் செனட்டரும் ஆனார் என்றாலும், அவரை இன்றும் நினைவுகூருபவர்கள் செனட் சபைக்காக நினைவுகூருவதாகத் தெரியவில்லை.

அஸீஸ் போய் அமர்ந்த அந்த ஸாஹிராவே பல வகைத் திறமைகள் ஒன்று சேர்ந்து எழுந்ததுதான். சித்திலெப்பை கண்டியில் ஒரு சட்டத்தரணி. அவரிடம் பேனா இருந்தது. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வி, கல்வி என்று விடாமல் எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்திறங்கிய ஒராபி பாஷாவிடம் பேனாவும் இல்லை, காணியும் இல்லை. ஆனால் அவர் சொன்னால் ஊர் கேட்கும் என்ற மதிப்பு இருந்தது. வாப்பிச்சி மரிக்கார் கட்டிட வேலைக்காரர். கொழும்பு நூதனசாலை அவர் கட்டியது. (1877இல் அது திறக்கப்பட்டபோது என்ன சன்மானம் வேண்டும் என்று கவர்னர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைத்தால் போதும் என்றாராம். நம்மிடையே வாய்வழியாக வரும் கதை இது.) 1892இல் மருதானைப் பள்ளியருகே பாடசாலை எழுந்தது. சித்திலெப்பை கல் சுமக்கவில்லை, மரிக்கார் ஆசிரியத் தலையங்கம் எழுதவில்லை. அவரவர் தமக்குக் கொடுக்கப்பட்டதைக் கொண்டு வந்தார்கள். பர்ளு கிஃபாயா நிறைவேறும் விதம் இப்படித்தான்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திறமை உள்ளவரைப் பிழிந்து எடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். மாமிக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகும் ஓட்டோ வைத்துக் கூட்டிப் போனோமே தவிர, "கூட ஒரு பிள்ளையை நிப்பாட்டிப் பழக்குவோம்" என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. துல்கர்னைனின் சம்பவத்தை ஸூரத்துல் கஹ்ஃபில் வெள்ளி தோறும் ஓதுகிறோம். யஃஜூஜ் மஃஜூஜிடமிருந்து காக்க ஒரு தடுப்பு வேண்டும், கூலி தருகிறோம் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள். கூலி வேண்டாம், என் இறைவன் தந்ததே மேல் என்கிறார் அவர். நாம் அந்த இடத்திலேயே கண்கலங்கி நின்றுவிடுகிறோம். அடுத்த சொல்லில் அவர் ஆள்பலம் கேட்கிறார்: இரும்புப் பாளங்களைக் கொண்டு வாருங்கள், ஊதுங்கள் என்கிறார். இலவசமாகச் செய்ய முன்வந்தவர் மக்களைச் சும்மா இருக்க விடவில்லை.

நம் வீட்டுப் பெண்களின் பிரசவத்துக்குப் பெண் டொக்டர் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறோம். அது நியாயம். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகக் கேட்ட மகளை "தூரத்து ஸ்கூல், வேணாம்" என்று மறித்த வாப்பாமாரையும் எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளையும் டொக்டராக முடியாது. ஆகக்கூடிய பிள்ளையை முன்னுக்கு விடாமல் மறித்தவர், இமாம் ஷாதிபியின் கணக்கில் எங்கே நிற்பார்?

நாம் இதில் முற்றாகத் தோற்றுப்போன சமூகம் என்றும் சொல்ல மாட்டேன். கொரோனாவில் மௌத்தானவர்களையும் எரித்த அந்தக் கொடிய மாதங்களுக்குப் பிறகு, 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. அப்போது நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் மய்யித்து அங்கேதான் வர வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் அடங்கினார்கள். பிற மதத்தவரும் அவர்களில் இருந்தார்கள். அந்த நாட்களில் அங்கே தேவைப்பட்டது மண் வெட்டத் தெரிந்த கை, பாரம் தூக்கும் தோள், எந்தக் குழியில் யார் என்று பிழையில்லாமல் பதியும் எழுத்து, பயப்படாத மனம். பேச்சாளருக்கு வேலை இருக்கவில்லை.

மாமி மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு, எங்கள் பள்ளியில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்தோம். வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தோம். அதில் படிப்பையும் தொழிலையும் கேட்கவில்லை, "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? மாதத்தில் எத்தனை மணித்தியாலம் ஊருக்குத் தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தோம். நான் என்னுடைய படிவத்தில் "கடிதம், மனு எழுதித் தருவேன்" என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. விதவைக் கொடுப்பனவு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்த பக்கத்து வீட்டு ராத்தாவை, "பேந்து வாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவன் நான். மூன்றாம் முறை அவ வரவில்லை. கடைக்காரப் பொடியனிடம் காசு கொடுத்து எழுதிக்கொண்டா.

வந்த படிவங்களை இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பிரித்தோம். மய்யித்துக் குளிப்பாட்டப் பழக மூன்று பெண்கள் பேர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி, அன்று "எனக்குப் பயம்" என்றவ. ஒரு தாதி, முதியவர்களின் வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்துத் தருவதாக எழுதியிருந்தா. ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர் சிங்களம் படிப்பிக்கத் தயார். ஒரு படிவத்தில் மட்டும் பெயருக்குக் கீழே, தெரிந்த வேலை என்ற இடத்தில், நடுங்கிய எழுத்தில் "ஒன்றும் தெரியாது" என்று இருந்தது. பெயரைப் பார்த்த செயலாளர் படிவத்தை என்னிடம் நீட்டினார். ஊரில் மௌத்தான எல்லாருக்கும் இருபத்தைந்து வருடமாகக் கப்று வெட்டுகிற காக்காவுடையது அது.