பாகாயத்துக்குத் திரும்பிய கல்வி

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் பாகாயத்தைக் கடந்து சென்றால் வரும் கணியம்பாடி, ஜவ்வாது மலையின் அடிவாரத்தையும் அமிர்திக் காட்டையும் தொட்டுக் கிடக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் ஆகும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்த ஒன்றியத்தின் ஊர்களில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் கருவுற்ற தாய்மாரின் உடல்நிலையையும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு பல பத்தாண்டுகளாக வீடு வீடாகச் சென்று பதிவு செய்து வருகிறது. பாகாயத்திலுள்ள அப்பிரிவின் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரத்து மக்கள் ‘சாட் ஆஸ்பத்திரி’ என்பார்கள். கடல் கடந்து சென்று மருத்துவம் கற்றவர்கள் ஊர் திரும்பியபின் அந்தக் கல்வி என்னவாகிறது என்று அறிய விரும்புவோர்க்கு இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவம் முடித்து, 1900இல் வேலூருக்கு வந்து இக்கல்லூரிக்கு வித்திட்ட ஐடா ஸ்கடரையே திரும்பி வந்தவர்களில் முதல்வராகக் கொள்ளலாம். அவருக்குப் பின் வந்த ஜேக்கப் சாண்டி, பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியபின், மூளை, நரம்பு அறுவை மருத்துவத்தை மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடமும் பின்பு சிகாகோவிலும் கற்று, 1949இல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். ஆயினும் பாகாயத்தின் மண்ணோடு மிக நெருக்கமாகப் பிணைந்த வரலாறு மேரி வர்கீசுடையதே.

கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே அசைவையும் உணர்ச்சியையும் இழந்தார். தண்டுவடம் என்பது முதுகெலும்பின் உள்ளே மூளையையும் உடலையும் இணைத்துச் செல்லும் நரம்புக் கற்றை. அது ஒருமுறை அறுந்தால் மீண்டும் இணைவதில்லை. அந்நிலையில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையை வேலூரில் உருவாக்கி வந்த பால் பிராண்ட், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய வேலை அது என்பதைக் கண்டு அவரை அதில் ஈடுபடுத்தினார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே நலமாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, காலிலிருந்து பெற்ற மற்றொரு நாணால் அதை நீட்டி, நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களிலும் தைப்பது அந்த அறுவையின் ஒரு முறையாகும்; நிற்கும் கால்கள் தேவைப்படாத, நடுங்காத கைகள் மட்டுமே தேவைப்படும் வேலை அது.

முதலில் ஆஸ்திரேலியாவில் சிகிச்சை பெற்று, பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயிற்சி பெற்ற மேரி வர்கீஸ், 1960களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பினார். நோயைக் குணப்படுத்துவதோடு நின்றுவிடாமல், ஊனத்தோடு வாழவேண்டியவர் தாமே எழுந்து அமர்ந்து, குளித்து, உடுத்து, பிழைத்துக்கொள்ளக் கற்பிக்கும் இத்துறைக்கு அன்றைய இந்தியாவில் பெயரே புதிது. 1966இல் பாகாயத்தில் அவர் முயற்சியால் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம், படுக்கை வசதியோடு இத்துறைக்கென்றே நாட்டில் எழுந்த முதல் நிலையமாகக் கருதப்படுகிறது. 1972இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் கற்ற பாடம் மாநகரத்து மருத்துவமனைக்கு உரியது. அதை அப்படியே இங்கு இறக்கி வைத்திருந்தால் பயன்பட்டிருக்காது என்பதே இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி. மின்தூக்கியும் வழுவழுப்பான தரையும் உள்ள நகரத்துக்காகச் செய்த சக்கர நாற்காலி, மண் தெருவில் முதல் மழைக்கே புதைந்துவிடும். பனைமரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து இடுப்பு ஒடிந்தவர்க்கு வீட்டில் செவிலியர் கிடையாது. மனைவியோ தாயோதான் இருப்பார். உணர்ச்சியற்ற தோல் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு, வலியே தெரியாமல் படுக்கைப்புண் எலும்புவரை இறங்கும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், சிறுநீர்ப்பை நிரம்புவதை அவர் உணர முடியாது என்பதால் கையைக் கழுவிவிட்டுக் குழாய் வைத்து நீரை வெளியேற்றவும் அந்தப் பெண் கற்றுக்கொண்டாக வேண்டும். நோயாளியோடு குடும்பமும் பயிற்சி பெறவேண்டும் என்ற நெறி இத்தேவையிலிருந்தே வலுப்பெற்றது. இதனை நியூயார்க் பாடத்தின் சுருக்கம் என்று எண்ணுவது தவறு, அதைவிடக் கடினமான பாடம் இது.

திரும்பி வந்தவரின் தியாகத்தை மட்டும் புகழும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பாதி உண்மையே. சாண்டிக்கு ஒரு துறையும் மேரி வர்கீசுக்கு ஒரு நிலையமும் அமைய இடம் கொடுத்து, ஆள் கொடுத்து, அவர்கள் புதிதாகத் தொடங்கும் வேலையைப் பொறுத்திருந்து வளர்த்த நிறுவனம் ஒன்று இருந்தது என்பது மறுபாதி. இன்று வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் செல்லும் தமிழ்நாட்டுச் செவிலியர் பலர், தீவிர சிகிச்சையிலும் முதியோர் பராமரிப்பிலும் பெற்ற தேர்ச்சியோடு திரும்பும்போது, அத்தேர்ச்சிக்கு ஏற்ற பதவியும் ஊதியமும் இங்கே அரிதாகவே காத்திருக்கின்றன. சென்றவர்களைக் குறை சொல்வோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மறுவாழ்வு மருத்துவத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்கப்படும் கேள்விகள் எளியவை: வாசலில் எத்தனை படி, கதவின் அகலம் எவ்வளவு, கழிப்பறை வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா, தண்ணீர் எங்கிருந்து எடுத்து வரவேண்டும், முன்பு செய்த வேலை என்ன. கணியம்பாடிக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தவர் இவற்றுக்குச் சொல்லும் விடை எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் இராது. அந்த விடையைக் கேட்டபிறகே அவருக்கான நாற்காலியின் அளவும், வாசலில் கட்டவேண்டிய சாய்தளத்தின் நீளமும் முடிவாகின்றன.