ஒரே பையில் நாலு வயிறு

டூர் என்றால் இரண்டு வசூல். ஒன்று பஸ்ஸுக்கு, இன்னொன்று தீனிக்கு. சென்ற ஆண்டு எங்கள் மெக்கானிக்கல் பிரிவு கொடைக்கானல் கிளம்பியபோது இரண்டாவது வசூல் என் தலையில் விழுந்தது. "முறுக்கு, கடலை மிட்டாய், சிப்ஸ்... முடிஞ்சது மாப்ளே!" என்று ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி வயிறு என்ற நினைப்பு!

என் அறைத்தோழனுக்குச் சிறு வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போடுகிறவன். அவன்மேல் உள்ள அக்கறையில் தனியாக ஒரு 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் பையில் வைத்தேன். பழனியில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவை அவன் கண்ணில் படக் கூடாதென்று பஸ்ஸிலேயே ஒளித்து வைத்தேன். இரண்டுமே தப்பு என்று மதியம்தான் தெரிந்தது.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் பாதை முழுக்க இறக்கம். போகும்போது பாட்டு, திரும்பும்போது மூச்சு. ஏற்றத்தில் பாதி வழியில் அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். "நடிக்காதடா, எந்திரி" என்று சிரித்தோம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வழியோரம் டீக்கடை வைத்திருந்த அக்காதான் அவன் முகத்தைப் பார்த்ததும், "தம்பிக்கு சுகர் இருக்கா? லோ ஆயிருச்சுப்பா" என்று சொல்லி, தம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து, "ஏன்டா எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டான்!

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அவனிடமே பாடம் கேட்டேன். காலையில் போட்ட இன்சுலின் வழக்கமான அளவு. ஆனால் மலையேறிய கால்கள் சர்க்கரையை வழக்கத்தைவிட அதிகமாக எரித்துவிட்டன. 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மூளைக்கே எரிபொருள் தட்டுப்பாடு, அதனால்தான் உளறல். அந்த நேரத்தில் வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சீனி. 15 நிமிடம் பார்த்துத் தேறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். உடனே 108-ஐ அழையுங்கள். சாக்லேட்டும் அவசரத்துக்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதமாக்கிவிடும்.

என் அருமை சுகர் ஃப்ரீ பிஸ்கட் என்ன ஆனது? அவசரத்துக்கு அது உதவாது. அதன் மாவும் கொழுப்பும் மெதுவாகத்தான் செரிக்கும். சரி, சாதாரண நாளில் இஷ்டத்துக்குத் தின்னலாமா? அதுவும் முடியாது. சீனி இல்லையே தவிர மைதா இருக்கிறது, மைதா கடைசியில் குளுக்கோஸாகத்தான் மாறும். பஞ்சாமிர்தமும் அப்படித்தான். விருப்பாச்சி மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய் சேர்த்துத் தண்ணீர் விடாமல் பிசைவது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. "நாட்டுச்சர்க்கரைதானே, தேன்தானே, ஒண்ணும் பண்ணாது" என்று எங்கள் பாட்டி சொல்வார். ஆனால் உடம்புக்குச் சீனி, நாட்டுச்சர்க்கரை என்ற ஜாதி பேதமெல்லாம் கிடையாது!

மற்ற வயிறுகளுக்கு வருவோம். வகுப்பில் ஒருவனுக்கு வேர்க்கடலை பட்டாலே உதடு வீங்கும். நான் வாங்கியதோ கடலை மிட்டாய். கொடைக்கானலில் உதிரியாக எடை போட்டுத் தரும் ஹோம்மேட் சாக்லேட்டும் அவனுக்கு ஆபத்துதான். கடலை போட்டதற்கும் போடாததற்கும் ஒரே தட்டு, ஒரே கத்தியாக இருக்கலாம். அடைத்த பாக்கெட்டில் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி முறுக்கை நம்பிச் சாப்பிடுவார்கள், ஆனால் அதில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

எல்லாருக்கும் பொதுவாக எதை வாங்கலாம்? மலையிலேயே நிறைய இருக்கிறது. கேரட், பேரிக்காய், சீசனில் பிளம்ஸ். பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு. கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 என்று ஒரு ரகமே கொடுத்திருக்கிறது. உப்பும் மிளகுத்தூளும் தூவிக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுங்கள். சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக பலூன் மாதிரி உப்பும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே அடைத்த காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் செய்வதென்றால் என் ஓட்டு பச்சைப்பயறு சுண்டலுக்கு. மெதுவாகச் செரிக்கும், பசி தாங்கும். தாளிக்கும்போது பெருங்காயத்தை விட்டுவிட்டால் கோதுமை ஆகாதவனும் சாப்பிடலாம். ஆனால் மேலே போய் வேகவைக்கலாம் என்று கிளம்பாதீர்கள். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பயறு வேக நேரம் பிடிக்கும். கீழேயே குக்கரில் நாலு விசில் விட்டு, நீரை நன்றாக வடித்து எடுத்துப் போங்கள். தேங்காய் போட்டிருந்தால் மதியத்துக்குள் காலி செய்துவிடுங்கள், சாயங்காலம் ஊசிப் போகும். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பஸ்ஸில் வைக்காதீர்கள். அவன் சட்டைப் பையில் ஒன்று, கூட நடப்பவன் பையில் ஒன்று.