வன்னியின் அரண்கள்

பூநகரிக் கோட்டையின் சிதைந்த மதிலருகே நின்று, "ஐயா, இதனைக் கட்டிய தமிழரசன் யார்?" என்று மாணவன் ஒருவன் வினவினான். "தமிழரசன் எவனுமல்லன், போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் 1770ஆம் ஆண்டளவில் விரித்தனர்" என்றேன். அவன் முகம் வாடிற்று. அவ்வாட்டத்துக்கு விடை கூறுதல் ஆசிரியன் கடனாதலின் இக்கட்டுரை எழுந்தது.

கோட்டை பெரிதன்று. சதுர வடிவினது, எதிரெதிர் மூலைகள் இரண்டில் கொத்தளங்கள் உடையது. ஆங்கிலேயர் காலத்தில் அதனுள்ளே வாடிவீடு ஒன்றும் இருந்தது. அதன் சிறப்பு மதிலில் இல்லை. இருக்கும் இடத்தில் உளது. குடாநாட்டையும் பெருநிலத்தையும் பிரிக்கும் கடனீரேரியின் துறையை அது காத்து நின்றது. 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும்வரை அவ்வழியே அக்கரை செல்வார்க்கு நீரைக் கடத்தலே வழி. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்த போர்த்துக்கேயர், தெற்கே வன்னிக் காட்டை அஞ்சியே வாழ்ந்தனர் எனல் பொருந்தும்.

வள்ளுவர் அரணுக்கென ஓரதிகாரம் வகுத்து நீர், வெளிநிலம், மலை, காடு என்னும் நான்கையும் ஆண்டு எண்ணுகின்றார். வன்னியில் மலை இல்லை. ஏனைய மூன்றும் உண்டு. வன்னியர் கற்கோட்டைகளை நம்பி வாழ்ந்தவரல்லர். அடர்ந்த காடும் குளங்களுமே அவர்தம் அரண். அந்நியர்க்கு அவர்கள் திறையாக அளித்ததும் பொன்னன்று, யானை! அத்திறையையும் பலகாலும் நிலுவையில் வைத்தமை ஒல்லாந்தரின் தீராத தலைவலியாயிற்று.

நீரரணின் குறையை அறிய வேண்டுவோர் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவே நிற்கும் கடற்கோட்டையை நோக்குக. நாற்புறமும் நீர் சூழ்ந்த அது 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டது, குடிநீர் இன்மையால்! அகத்தே உணவும் நீரும் இல்லாத அரண் அரணாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

காட்டரணும் என்றும் காக்கவில்லை. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை முற்றாக அடிப்படுத்தியபோது, அவரை எதிர்த்த பணங்காமத்து வன்னிச்சி சிறைப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டாள். பாட்டுடைத் தலைவியாதற்கு உரிய அவளை நம் புலவர் மறந்தது எனக்குத் தீராத குறை.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1803 ஆகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் டிறிபேர்க்கு என்னும் படைத்தலைவன் அவனைத் தோற்கடித்தான். அங்கே நடப்பட்ட கல் வென்றவன் புகழுக்காகவே எழுதப்பட்டது. மக்களோ அதனைத் தோற்றவனுக்குரிய நடுகல்லாக்கிக் கொண்டனர். ஒன்று நினைவிற் கொள்க: அவனைத் தோற்கடித்த செய்தியையே அக்கல் கூறிற்று, கொன்றதாகக் கூறவில்லை. மேடையிலே அவனை அன்றே வீழ்த்திவிடும் நம் நாவலர்கள் இதனைக் கருதுவாராக. வீரனுக்குப் புகழ் சேர்க்கப் பொய் வேண்டா.

இனி, மாணவன் வினாவுக்கு வருவேன். கோட்டை அயலார் கட்டியது; அதன் கீழுள்ள மண் அவ்வாறன்று. பேராசிரியர் புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியில் ஆய்ந்து, கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் முதலாய பெருங்கற்காலச் சான்றுகளைக் கண்டு, 1993இல் நூலாக வெளியிட்டார். சோழர் கலைமரபைக் காட்டும் சிவாலயம் ஒன்று மண்ணித்தலையில் மணல்மேட்டிடையே சிதைந்து நிற்கின்றது. நூல் வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில் பூநகரியில் பெருஞ்சமர் மூண்டது. 2008 நவம்பரிலும் மூண்டது. எஞ்சிய மதிலில் ஒல்லாந்தர் அறியாத வடுக்களும் உள.

இவற்றைச் சொல்லி முடித்தபோது, "மண்ணித்தலைக்கு இப்பொழுதே போகலாமா ஐயா?" என்றான் அவன். பொழுது சாய்ந்திருந்தது, வழியோ மணல். அடுத்த சனிக்கிழமை போவதாக வாக்களித்துள்ளேன்.