ஹிரோஷிமாவின் ஓடுகள் சொல்லும் கணக்கு

ஜப்பானின் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஓர் அலுமினிய டிபன் பாக்ஸ் இருக்கிறது. அதனுள்ளே கன்னங்கரேலென்று இறுகிப்போன ஒரு பொருள். அரிசியும் பார்லியும் சோயா பீன்ஸும் கலந்த சோறு அது. கூடவே மெலிதாக நறுக்கிய உருளைக்கிழங்கு. 13 வயது பள்ளி மாணவனுக்கு அவன் அம்மா கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு. அவனே நிலத்தைத் திருத்திப் பயிரிட்டதன் முதல் விளைச்சல் அதில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6, அணுகுண்டு விழுந்த அன்று காலை, அதை ஆசையோடு எடுத்துக்கொண்டு போனான். மூன்று நாள் கழித்துத் தாய் அவனைத் தேடிக் கண்டுபிடித்தபோது, டிபன் பாக்ஸ் அவன் உடலுக்கு அடியில் கிடந்தது. ஒரு கவளம்கூட அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

தாய்க்கு அது மகனின் நினைவு. அறிவியலுக்கு அது ஒரு வெப்பமானியும்கூட. மாவுச்சத்து 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கரியாகத் தொடங்கும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். சோறு கரியாகிவிட்டது, பெட்டி உருகவில்லை. அப்படியானால் பெட்டிக்குள் நிலவிய சூடு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவேதான் இருந்திருக்க வேண்டும். சோறு சாம்பலாகாததற்கும் காரணம் உண்டு. மூடிய பெட்டிக்குள் எரிவதற்குப் போதிய காற்று இல்லை. சோற்றிலிருந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் நீராவியாக வெளியேற, கார்பன் மட்டும் தங்கிவிட்டது.

அதே அருங்காட்சியகத்தில் இருக்கும் கூரை ஓடுகள் இதைவிடக் கடுமையான சூட்டைக் கண்டவை. குண்டு தரைக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஷிமா மருத்துவமனைக்கு நேர்மேலே வெடித்தது. அடுத்த ஒரு விநாடிக்குள் 280 மீட்டர் விட்டமுள்ள நெருப்புக்கோளம் உருவானது. அதற்கு நேர்கீழே தரையின் மேற்பரப்பு 3,000 முதல் 4,000 டிகிரி வரை சூடேறியது. அந்த இடத்துக்கு அருகிலிருந்த ஓடுகளின் மேல்தோல் உருகிக் கொதித்தது. கொதித்த குமிழிகள் அப்படியே உறைந்து இன்றும் சொரசொரப்பாகத் துருத்தி நிற்கின்றன. அதே ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சூளையிலிருந்து வந்தபடியே வழவழப்பாக இருக்கும். வெப்பக்கதிர் ஓரிரு விநாடிகளே நீடித்ததால், மேல்தோலைத் தாண்டி ஓட்டின் உடலுக்குள் சூடு இறங்க நேரம் கிடைக்கவில்லை. மேலே வேறோர் ஓடு மூடியிருந்த பகுதியும் உருகாமல் தப்பியது. உருகிய இடத்துக்கும் உருகாத இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும்.

இந்த எல்லைதான் 'மனித நிழல் கல்' என்று உலகம் அறிந்த படிக்கட்டிலும் பதிந்திருக்கிறது. வெடிப்பின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 260 மீட்டர் தொலைவில் சுமிடோமோ வங்கிக் கிளையின் வாசற்படி அது. வங்கி திறக்கக் காத்து யாரோ அங்கே உட்கார்ந்திருந்தார். பல வருடம் தொங்கிய காலண்டரை எடுத்தால் அது மறைத்திருந்த சுவர் மட்டும் நிறம் மாறாமல் இருக்குமே, அப்படித்தான் இதுவும். ஆனால் வெயில் பல வருடத்தில் செய்வதை அந்த ஒளி கணநேரத்தில் செய்துவிட்டது. சுற்றியிருந்த கல் வெளுத்தது. மனித உடல் மறைத்த இடம் கருமையாகவே நின்றது.

நகரமெங்கும் இப்படி நிழல்கள் இருந்தன. யொரொசுயோ பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் தார்ச்சாலைமேல் தம் நிழலை விட்டுச்சென்றன. ஆய்வாளர்களுக்கு அவை விலைமதிப்பற்ற தடயங்கள். நிழலின் நுனியிலிருந்து அதை உண்டாக்கிய பொருளின் விளிம்பு வழியாக ஒரு நேர்கோட்டை வானத்தை நோக்கி நீட்டினால், அந்தக் கோடு ஒளி வந்த இடத்துக்குப் போகும். வெவ்வேறு இடங்களிலிருந்து நீட்டிய கோடுகள் சந்திக்கும் இடம்தான் வெடிப்பு நிகழ்ந்த புள்ளி. பள்ளிக்கூட வடிவகணிதமும் சில நிழல்களும் சேர்ந்து, குண்டு எங்கே, எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று சொல்லிவிட்டன.

இவற்றையெல்லாம் இடிபாடாக எண்ணி அள்ளிக் கொட்டியிருந்தால்? அப்படி நடக்காமல் போனதில் ஷோகோ நாகாவோகா என்ற நிலவியல் ஆய்வாளருக்குப் பெரிய பங்கு உண்டு. குண்டு விழுந்த சில நாட்களில் நகருக்குள் வந்தவர், கல்லின் மேற்பரப்பு உருகியிருப்பதைக் கண்டு திகைத்தார். எந்தச் சாதாரண நெருப்பும் கல்லை இப்படிச் செய்யாது என்பது நிலவியல் படித்தவருக்கு உடனே புரிந்தது. அன்றிலிருந்து கற்களையும் ஓடுகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பே 1955-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு வித்தானது. அதன் முதல் இயக்குநரும் அவர்தான்.

அவர் ஓடு பொறுக்கத் தொடங்கிய காலத்தில், ஓடுகளுக்குள் இன்னொரு பதிவும் இருக்கிறது என்பதைப் படித்தறியும் முறை உருவாகியிருக்கவில்லை. ஓடு செய்யும் மண்ணில் குவார்ட்ஸ் மணிகள் கலந்திருக்கும். காமா கதிர் பாயும்போது அந்தப் படிகத்தில் சில எலெக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். சாதாரணச் சூட்டில் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். ஆய்வகத்தில் மணிகளைச் சூடாக்கினால் அவை விடுபடும்; விடுபடும்போது மங்கலான ஒளி வெளிப்படும். இதை வெப்ப ஒளிர்வு என்பார்கள். எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தால், எவ்வளவு கதிர்வீச்சு பாய்ந்தது என்று கணக்கிடலாம். ஓடு சூளையில் வெந்தபோது அதற்கு முந்தைய பதிவு முழுக்க அழிந்திருக்கும். அதன்பின் இயற்கைக் கதிர்வீச்சால் சேர்ந்ததைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது குண்டின் பங்கு. பிறகு பரவிய தீயில் நன்றாகச் சூடேறிய ஓடுகள் இந்தப் பதிவை இழந்துவிட்டன. தப்பிய ஓடுகளும் செங்கற்களும் அதைக் காட்டிக்கொடுத்தன.

1960-களிலேயே ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹிரோஷிமா ஓடுகளை இப்படிச் சோதித்தார்கள். குண்டிலிருந்து வந்த நியூட்ரான்களை அளக்கச் செம்புப் பொருட்கள் பின்னாளில் உதவின. வேக நியூட்ரான் பட்ட செம்பில் மிகச்சிறு அளவு நிக்கல்-63 உருவாகிறது. அது மெல்லச் சிதையும் ஐசோடோப்பு என்பதால் அரை நூற்றாண்டு கழித்தும் அளக்க முடிந்தது. இப்படிப் பல பொருட்களில் அளந்தவற்றைக் கொண்டு, எந்தத் தொலைவில் இருந்தவர் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்ற கணக்குமுறை 1986-லும் 2002-லும் சரிபார்த்துச் செம்மையாக்கப்பட்டது. 1950 முதல் சுமார் 1,20,000 பேரின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது. எவ்வளவு கதிர்வீச்சு எவ்வளவு புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

ஆகவே இந்தப் பொருட்களைப் பேணுவதில் ஒரு விசித்திரமான பொறுப்பு இருக்கிறது. சேதத்தைச் சரிசெய்வது இங்கே வேலையல்ல, சேதத்தையே காப்பதுதான் வேலை. மூன்று வயதுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று அங்கே உள்ளது. தந்தை அதைக் குழந்தையோடு வீட்டு முற்றத்தில் புதைத்தார். 40 வருடம் கழித்து எலும்புகளைக் கல்லறைக்கு மாற்றியபோது, சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தத் துருவைச் சுரண்டி வண்ணம் பூசினால் அது எல்லாச் சைக்கிளையும் போல ஆகிவிடும். துருவை நீக்காமலே, மேலும் துருப்பிடிப்பதை மட்டும் தடுக்க வேண்டும். இரும்புக்கு ஈரம் எதிரி என்பதால் காற்றின் ஈரப்பதத்தைக் குறைவாக வைக்க வேண்டும். கிழிந்த சீருடைகளுக்கோ வெளிச்சமே எதிரி. துணி நாரை ஒளி சிறுகச் சிறுக அறுக்கும். அறுந்ததை மீட்க வழியில்லை. துணிகளைக் காட்சிக்கு வைக்கும்போது 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம்.

நாகாவோகா ஓடுகளைச் சேர்த்தபோது அவை நாளை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று அவரால் ஊகித்திருக்க முடியாது. இருந்தும் சேர்த்தார். பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள், வீட்டில் மிஞ்சிய ஒரே நினைவையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் சுமார் 20,000 பொருட்கள் இருக்கின்றன. கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று சர்வதேசப் பரிந்துரை இருக்கிறது. நம் ஊர் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவரையும் காக்கும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஹிரோஷிமாவின் ஓடுகளும், அங்கே வாழ்ந்து மடிந்த மனிதர்களும் இருக்கிறார்கள். அந்த நகரத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது. அந்தப் பொருட்களை மேலும் பழுதாகாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும், அப்படியொரு ஓடு இனி எந்த ஊரிலும் உருவாகாமல் பார்த்துக்கொள்வதும்தான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.